மூன்று இரவு யாழ்ப்பாணம்: எங்கே சாப்பிடுவது, எங்கே ஒரு கோப்பையோடு உட்காருவது

சென்னையிலிருந்து மனைவியோடு மூன்று இரவு தங்க யாழ்ப்பாணம் வருகிறீர்கள். வெளிநாட்டு நகரங்களுக்குப் போகும்போதெல்லாம் நல்ல உணவகங்களையும் வைன் பார்களையும் தேடிப் பிடிப்பதிலேயே விடுமுறையின் பாதி இன்பம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே வேலையை யாழ்ப்பாணத்தில் எப்படிச் செய்வது, இணையத்தில் கிடைக்கும் நட்சத்திரங்களை நம்பலாமா என்பது உங்கள் கேள்வி. பார்த்தால் கடைப் பெயர்களைக் கேட்பதுபோல இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் ஒருவரையும் தெரியாத நீங்கள், ஏமாறாமல், ஊர்க்காரர் சாப்பிடும் தரத்தில் மூன்று நாள் சாப்பிட வழி என்ன என்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் எழுதுகிறேன். போகிற வழியில் சில பெயர்களும் வரும். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். இருபது வருடத்துக்கு மேல் விடுதிச் சமையற்கூடங்களில் நின்றவன், முதலில் கொழும்பில், பிறகு இங்கே. மீன், நண்டு, கறி பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். வைனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பரிமாறியும் மிச்சத்தை ருசித்தும் கற்றது. அந்த இடத்தில் என் சொல்லைச் சற்றுக் குறைத்தே நிறுத்துங்கள்.

முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நினைக்கும் வகையில், பத்துப் போத்தல் வைனைத் திறந்துவைத்துக் கோப்பை கோப்பையாக ஊற்றித் தரும் கடை யாழ்ப்பாணத்தில் இல்லை. வீதியில் 'வைன் ஸ்டோர்ஸ்' என்று பலகை கண்டால் மகிழ்ந்துவிடாதீர்கள். இலங்கை முழுவதும் சாராயக் கடைக்கு அதுதான் பெயர். இரும்புக் கம்பிக்குப் பின்னால் ஒருவர் நிற்பார். முன்னால் நிற்பவர்கள் அரைப் போத்தலைச் செய்தித்தாளில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள். வைன் ஒரு மூலையில் தூசி படிந்து நிற்கும், சில வேளை அதுவும் இராது. 'கூல் பார்' என்ற பலகை இன்னும் வேடிக்கையானது: உள்ளே போனால் ஐஸ்கிறீமும் சர்பத்தும் கிடைக்கும், குழந்தைகளோடு குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். தமிழ்தானே என்று சொற்களை நம்பி நடக்காதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். இங்கே 'கறி' என்றால் கத்தரிக்காயும் கறிதான். மீன், இறைச்சி வகையை 'மச்சம்' என்போம். உணவகத்தில் "மச்சமா, மரக்கறியா?" என்று கேட்டால் உங்கள் உடம்பில் உள்ள அடையாளத்தை யாரும் விசாரிக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் எந்தக் கடை என்பதைவிட எத்தனை மணிக்கு, என்ன கிழமை என்பதுதான் சாப்பாட்டைத் தீர்மானிக்கிறது. இதற்குக் காரணம் உண்டு. இந்த ஊர்க்காரர் வெளியே சாப்பிட்டுப் பழகியவர்கள் அல்லர். என் தகப்பனார் காலத்தில் 'கடைச்சாப்பாடு' என்பதே ஒரு வசைச்சொல். வீட்டில் ஆளில்லாதவனும் பயணத்தில் நிற்பவனும் சாப்பிடுவது. பிறகு முப்பது வருடப் போர். யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாண நிலையம் வரை வந்ததே 2014 ஒக்டோபரில்தான். ஆகவே இரவு எட்டரைக்கு மேசை பதிவு செய்து, பத்தரை வரை ஆறஅமரச் சாப்பிடும் உணவகக் கலாசாரம் இங்கே இளசு. ஆனால் அலுவலகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் வந்தவர்களுக்குப் பன்னிரண்டு மணிக்குச் சூடாகச் சோறு போடும் கலாசாரம் பழையது, தேர்ந்தது. நீங்கள் இரவை மையமாக வைத்துத் திட்டமிட்டால் இந்த ஊரின் பலவீனமான நேரத்தில் அதைச் சந்திப்பீர்கள். மதியத்தை மையமாக வையுங்கள்.

மதியம் என்றால் பன்னிரண்டேகால் முதல் ஒரு மணி வரை. ஒன்றரைக்குப் பிறகு, தேங்காய்ப்பாலில் செய்யும் சொதி நீர்த்துவிடும், இரண்டு மணிக்குப் பொரியல் தீர்ந்துவிடும். மரக்கறிச் சாப்பாட்டுக்கு நகரின் நடுவில், பெரியகடைப் பக்கத்தில் உள்ள மலாயன் கஃபேக்குப் போங்கள். பழைய காலத்து மரப்பெட்டிகள், சலவைக்கல் மேசை, வாழையிலை. சாப்பிட்டு முடித்ததும் இலையை நீங்களே மடித்து எடுத்துப் போய்ப் போடவேண்டும். பரிமாறுபவர் எடுப்பார் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். சென்னையிலிருந்து வரும் உங்களுக்கு இலைச்சாப்பாடு புதிதில்லை. ஆனால் சாம்பார், ரசம், மோர் என்ற உங்கள் வரிசையை மறந்துவிட்டு, சோற்றில் பருப்பையும் இரண்டு கறியையும் தனித்தனியாகப் பிசைந்து, கடைசிப் பிடிக்குச் சொதி விட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். மச்சச் சாப்பாட்டுக்கு ஆஸ்பத்திரி வீதியில் ரோலெக்ஸ் பழைய பெயர். நல்லூரில் மாங்கோஸ் என்று பெரிய மரக்கறி உணவகம் இருக்கிறது. சுத்தம், கூட்டம், எல்லாம் சரி. ஆனால் அங்கே விரும்பி உண்ணப்படுவது உங்கள் ஊர்ப் பாணித் தோசையும் பரோட்டாவும். கடல் தாண்டி வந்து அதைச் சாப்பிடுவானேன்?

பெயர் தெரியாத கடை ஒன்றின் வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே போகலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் பார்ப்பது சொதியை. தேங்காய்ப்பால், பச்சைமிளகாய், வெங்காயம், கொஞ்சம் மஞ்சள், கடைசியில் தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு. இவ்வளவுதான், இதில் எதையும் ஒளிக்க முடியாது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே புளி விடவேண்டும். கொதிக்கும்போது விட்டால் பால் திரைந்து மேலே துகள் துகளாக மிதக்கும். அந்தப் பத்து நிமிடப் பொறுமை இல்லாத சமையல்காரரிடம் மற்றக் கறிகளிலும் பொறுமை இருக்காது. அடுத்தது அரிசி: வெள்ளை அரிசி மட்டுமா, குத்தரிசிச் சோறும் உண்டா என்று கேளுங்கள். குத்தரிசி சமைக்கும் கடைக்கு ஊர்க்கார வாடிக்கையாளர் உண்டு என்று பொருள். மூன்றாவது, "முடிந்துவிட்டது" என்ற சொல். நீங்கள் கேட்ட மூன்றில் ஒன்றையாவது முடிந்துவிட்டது என்று சொல்லும் கடையை நம்பலாம். கேட்டதெல்லாம் இருக்கிறது என்றால் குளிரூட்டிப் பெட்டி பெரியது.

நண்டுக்கு வருவோம். நீங்கள் எழுதிய நாலு வரிக் கேள்வியில் இரண்டு இடத்தில் 'ஜாஃப்னா கிராப் கறி' வருகிறது. யாழ்ப்பாணத்துக் களப்பிலும் (கடலோடு சேர்ந்த உப்புநீர் ஏரி) சுற்றுக்கடலிலும் நல்ல நண்டு உண்டு என்பது உண்மை. அந்த நல்ல நண்டு முதலில் ஏற்றுமதிக்குப் போகிறது என்பதும் உண்மை. பெரிய சேற்று நண்டு உயிரோடு விமானம் ஏறுகிறது. நீலக்கால் நண்டு பதனிடும் ஆலைகளுக்குப் போகிறது. மிச்சத்தில் நல்லதை எடுக்க அதிகாலையில் மீனவர் கரைகளான குருநகருக்கோ பாசையூருக்கோ போய் நிற்பவனுக்கே கிடைக்கும். நான் வேலை செய்த ஒரு விடுதியில் — பெயர் வேண்டாம் — நண்டுக்கறி ஒரு நாளும் இல்லையென்று ஆகக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. உறையவைத்த நண்டை வாரக்கணக்கில் வைத்திருந்தோம். ஒரு நாள் கரையூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மகளின் குடும்பத்தோடு வந்தார். தட்டு மேசைக்குப் போய் இரண்டு நிமிடம் இருக்காது, என்னை அழைப்பித்தார். ஒரு காலை உடைத்து ஓட்டை என் முன்னால் நீட்டினார். சதை நாராக உருவி வராமல் ஓட்டோடு ஒட்டிக் களியாக நின்றது. "தம்பி, இது செத்து எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டார். கோபப்படவே இல்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே நண்டை மட்டும் முதல் நாள் மாலையே கேட்டு வையுங்கள். "நாளை மதியத்துக்கு நண்டு கிடைக்குமா?" என்று கேளுங்கள். "எப்போதும் இருக்கிறது, வாருங்கள்" என்றால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். "காலையில் சந்தைக்குப் போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்று இழுப்பவரிடம் உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள். கறி வந்ததும் நிறத்தைப் பாருங்கள். எங்கள் தூளில் செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்துத்தான் இடிபடுகின்றன. ஆகவே குழம்பு கருஞ்சிவப்பாக, கிட்டத்தட்டப் பழுப்பாக இருக்கவேண்டும். இறக்கும்போது முருங்கையிலை போட்டிருக்கவேண்டும். பளிச்சென்ற சிவப்பில் வந்தால் அது சுற்றுலாப் பயணிக்காக எங்கோ கற்ற கறி. நிலாக் காலத்து நண்டில் சதை இராது என்று எங்கள் கடற்கரையில் எல்லோரும் சொல்வார்கள். சமையற்கூடத்தில் நின்ற என் அனுபவமும் பெரும்பாலும் அதற்கு ஒத்தே போகிறது. ஆயினும் இதைக் கேள்விப்பட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். உறுதியானது வேறொன்று: ஓடு கழற்றிப் புது ஓடு பூண்ட நண்டு எந்த நாளில் பிடிபட்டாலும் உள்ளே தண்ணீராகத்தான் இருக்கும். கையில் தூக்கினால் அளவுக்கு ஏற்ற கனம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

நண்டிலேயே மூன்று நாளையும் முடித்துவிடாதீர்கள். கணவாய்க் கறி, இறால், சுறா வறை இவற்றில் ஏமாற்று குறைவு, ருசியும் குறைவில்லை. சுறாவை அவித்து உதிர்த்துத் தேங்காய்ப்பூவோடு வறுத்தெடுப்பதுதான் வறை. பிட்டோடு சாப்பிட அதற்கு இணை எனக்குத் தெரிந்து இல்லை.

ஒடியல் கூழைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இருவருக்கு ஒரு கோப்பை கூழ் என்று ஒன்று கிடையாது. கூழ் ஒரு பானை. பத்துப் பேர் வேலை. காயவைத்த பனங்கிழங்குதான் ஒடியல்; அதன் மாவைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பை வடிக்கவேண்டும். நண்டு, இறால், சின்ன மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, கீரை என்று கண்டதும் கடியதும் போட்டு அவித்து, பழப்புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் விட்டு, கடைசியில்தான் மாவைக் கரைத்து ஊற்றித் தடிக்கவைப்பார்கள். குடிப்பது கோப்பையில் அன்று, பனையோலையில் கோலிய பிளாவில். சூடு விரலில் ஏறும், உறைப்பு காதில் ஏறும், இடையிடையே தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் பிளாவுக்கு நீட்டவேண்டும். சில விடுதிகள் முன்கூட்டிச் சொன்னால் சின்னக் கிண்ணத்தில் தருகின்றன; சூப் என்று நினைத்துக் குடிக்கலாம், கூழ் என்று நினைத்தால் குறை தெரியும். நீங்கள் தங்குவது குடும்பம் நடத்தும் சின்ன விடுதி என்றால், வந்த அன்றே வீட்டுக்கார அம்மாவிடம் பேச்சுக் கொடுங்கள். சனி, ஞாயிறில் எந்த உறவினர் வீட்டிலாவது கூழ் காய்ச்சினால் உங்களுக்கும் ஒரு பிளா வரும். மிகைப்படுத்தவில்லை, இப்படி நடந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி நட்சத்திரங்கள். யாழ்ப்பாணத்து உணவகங்களுக்கு இணையத்தில் மதிப்பீடு எழுதுபவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. கொழும்பிலிருந்து நீண்ட வார இறுதிக்கு வருபவர்கள், வெள்ளைக்காரப் பயணிகள், கோடையில் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் எங்கள் ஆட்கள். முதல் இரு தரப்பும் குளிரூட்டிய அறைக்கும் ஆங்கிலம் பேசும் பரிமாறுபவருக்கும் நட்சத்திரம் கொடுக்கிறார்கள். மூன்றாம் தரப்பு இறந்துபோன அம்மாவின் கைப்பக்குவத்தோடு ஒப்பிட்டு நட்சத்திரத்தைக் குறைக்கிறது. தினமும் அங்கே மதியம் சாப்பிடும் வங்கி எழுதுவினைஞர் ஒரு வரியும் எழுதுவதில்லை. ஆகவே எண்ணிக்கையைப் பார்க்காமல் குறையைப் படியுங்கள். "மிகவும் உறைப்பு", "இடம் நெருக்கடி", "கறண்டி தரவில்லை" என்பவை உங்களுக்கு நற்சான்றிதழ். "ஆறிப்போய் வந்தது", "ஒரு மணி நேரம் காத்திருந்தோம்", "வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்பவை அண்மைத் திகதிகளில் இரண்டு மூன்று இருந்தால் விட்டுவிடுங்கள். படங்களையும் புதியதிலிருந்து பாருங்கள். ஒரு சமையல்காரர் போனால் இங்கே கடையே போய்விடும். இரண்டு வருடம் பழைய புகழ்ச்சியால் பயனில்லை.

யாரிடம் விசாரிப்பது என்பதும் முக்கியம். ஆட்டோக்காரரிடம் "நல்ல கடை எது?" என்று கேட்டால், வெளியூர்க்காரரை அழைத்துப் போனால் தனக்கு ஏதாவது கிடைக்கும் கடைக்குப் போகக்கூடும், எல்லோரும் அப்படியில்லை, ஆனால் கேள்வியே அந்த வழியைத் திறந்துவிடுகிறது. அதே மனிதரிடம் "அண்ணை, நேற்று மதியம் நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள். பாதிப் பேர் "வீட்டில்தான்" என்பார்கள். மற்றப் பாதி சொல்லும் இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும். புடவைக்கடை, மருந்துக்கடை, இரும்புச் சாமான் கடையில் நிற்கும் பிள்ளைகள் இன்னும் நல்ல சாட்சிகள். நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர்கள், கூலியும் பெரிதில்லை, சாப்பாட்டில் ஏமாறத் துணிய மாட்டார்கள்.

காலை, மாலைக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் (தமிழ்நாட்டுத் திருநெல்வேலி அன்று) உள்ள அம்மாச்சி உணவகத்தைச் சொல்வேன். மாகாண விவசாயத் துறை இடம் ஒதுக்கிப் பெண்கள் குழுக்கள் நடத்தும் கடைகள் அவை. வரிசையாகத் தட்டிகள், ஒவ்வொன்றிலும் ஓர் அம்மா. குரக்கன் (கேழ்வரகு) பிட்டு, பாலப்பம், தோசை, வடை எல்லாம் கண் முன்னால் சுடுகிறார்கள். விலை மலிவு, உட்கார்ந்து கதைக்க ஏற்ற இடமன்று. கொத்து ரொட்டிக்கு இரவு ஏழு மணிக்குப் பிறகு எந்தத் திசையில் தகரச் சத்தம் கேட்கிறதோ அந்தத் திசையில் போகலாம். நல்லூரில் றியோ ஐஸ்கிறீம் ஒரு சடங்கு. கோயிலிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் அங்கேதான் இறங்குவார்கள். அரை நாள் மிச்சம் இருந்தால் பருத்தித்துறைக்குப் பஸ் ஏறித் தட்டை வடை வாங்கி வாருங்கள். கடித்தால் உடையும், மாதக்கணக்கில் கெடாது, சென்னைக்கும் எடுத்துப் போகலாம். வைகாசி, ஆனியில் வந்தால் சந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இருக்கும். அந்த ஒரு பழத்துக்காக உங்கள் பயணத் திகதியை மாற்றினாலும் தப்பில்லை.

குடிக்கு வருகிறேன். நீங்கள் இருவரும் மாலையில் அமைதியாக ஒரு கோப்பையோடு உட்கார விரும்பினால் விடுதிகளின் பார்களே வழி. ஊருக்குள் வெறும் 'பார்' என்று இருப்பவை ஆண்கள் அவசரமாகக் குடித்துவிட்டுப் போகும் இருட்டறைகள். சண்டை இல்லாவிட்டாலும் சத்தம் உண்டு. மகாத்மா காந்தி வீதியில் ஜெட்விங் யாழ்ப்பாணம் விடுதியின் கூரைத்தளத்தில் ஒரு பார் இருக்கிறது. சூரியன் இறங்கும் நேரத்தில் போனால் கீழே ஊரும் களப்பும் ஒன்றாகத் தெரியும். வைன் பட்டியல் நீளமாக இருக்குமென்று எங்கும் எதிர்பார்க்காதீர்கள். இறக்குமதி வரி கடுமையானது. ஆகவே சாதாரணப் போத்தலுக்கே கூடிய விலை கொடுப்பீர்கள். கோப்பையாக வாங்கும்போது எப்போது திறந்த போத்தல் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சிவப்பு வைனைக் கேட்பார் குறைவு. திறந்தது நாலைந்து நாள் நின்றால் காடி வாசம் வரத் தொடங்கிவிடும். எங்கள் வெயிலில் அறையில் நிற்கும் சிவப்பு வைன் பாணி மருந்துபோல இருக்கும். கால் மணி நேரம் பனிக்கட்டி வாளியில் வைத்துத் தரச் சொல்லுங்கள், ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். எங்கள் கறியோடு கனத்த சிவப்பு வைன் சேராது என்பது என் கருத்து. துவர்ப்பும் மதுச்செறிவும் மிளகாயின் எரிவைக் கூட்டுகின்றன, பழப்புளிக்கு முன்னால் வைன் சப்பென்று ஆகிவிடுகிறது. கொஞ்சம் இனிப்புள்ள குளிர்ந்த வெள்ளை வைன் பரவாயில்லை. அதைவிட பியர் நேர்மையானது.

யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு வைன் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? இங்கே செம்மண் தோட்டங்களில் முந்திரிகை விளைகிறது. திராட்சையைத்தான் நாங்கள் முந்திரிகை என்போம், உங்கள் முந்திரிப் பருப்பு இங்கே கஜு. தோலகட்டியில் 1928இல் தொடங்கிய கத்தோலிக்கத் துறவற சபையினர் முந்திரிகைச் சாறும் நெல்லிப் பாகும் செய்து விற்பதில் பெயர் பெற்றவர்கள். நகரிலுள்ள அவர்களது கன்னியர் மடத்தில் 'ரோசெற்றோ' என்ற போத்தல் கிடைக்கும். கறுவா, கராம்பு (பட்டை, கிராம்பு) வாசத்தோடு தித்திப்பாக இருக்கும். வைன் தெரிந்தவர் அதை வைன் என்று ஒப்புக்கொள்ள மாட்டார், நானும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் பனிக்கட்டி போட்டு மாலையில் குடித்தால் உங்கள் மனைவிக்குப் பிடிக்கக்கூடும்; கன்னியாஸ்திரியிடம் வைன் வாங்கிய கதையும் உங்களிடம் இருக்கும்.

நீங்கள் ஒரு நகரத்தின் வைன் பாரில் தேடுவது, அந்த மண்ணில் விளைந்ததை, அந்தப் பருவத்தில், அந்த ஊர்க்காரரோடு குடிப்பது என்றால், அதற்கு எங்களிடம் கள்ளு இருக்கிறது. பனங்கள்ளு ஏறத்தாழத் தை, மாசியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை. தென்னங்கள்ளு ஆண்டு முழுவதும். பாளையைத் தட்டிச் சீவி முட்டி என்ற பானையைக் கட்டுகிறார்கள். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் அது புளிக்காத கருப்பநீர்; பூசாவிட்டால் மரத்திலேயே நொதிக்கத் தொடங்கிக் கள்ளாகி இறங்கும். காலையில் இறக்கியது இனிப்பும் இலேசான நுரையுமாக இருக்கும். மதியத்தில் இனிப்பும் புளிப்பும் சரிபாதி. மாலையில் புளிப்பு ஏறி, அடுத்த நாள் காடிக்குத்தான் ஆகும். வைனில் ஆண்டைக் கேட்பதுபோல இங்கே மணியைக் கேட்கவேண்டும். என் நாவுக்குப் பத்தரை, பதினொரு மணிக் கள்ளும் பொரித்த சின்ன மீனும். பியர் அளவுக்கே வெறி தரும் என்றாலும் வெயிலில் மூன்று பிளா போனால் கால் தெரியாது.

கள்ளு விற்கும் இடத்துக்குத் தவறணை என்று பெயர். கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. ஓலைக் கொட்டகையோ தகரக் கொட்டகையோ, நீண்ட வாங்குகள், நடுவில் நீல நிறப் பீப்பாய். தவறணை என்றதும் எங்கள் நடுத்தர வர்க்கம் முகம் சுளிக்கும். அந்தச் சுளிப்பில் சுகாதாரம் கொஞ்சம், மரமேறும் சாதியாரைத் தள்ளிவைத்த பழைய புத்தி நிறைய. நீங்கள் தனியே போனால் இடம் தருவார்கள், கதை கேட்பார்கள். பெண்கள் அங்கே உட்காரும் வழக்கம் இல்லை. உங்கள் மனைவி வந்தால் ஒருவரும் தவறாக நடக்க மாட்டார்கள், ஆனால் கொட்டகை முழுவதும் பேச்சை நிறுத்திவிடும், இரு தரப்புக்கும் சங்கடம். போத்தலில் வாங்கி விடுதி முற்றத்துக்கு எடுத்து வாருங்கள். மூடியை இறுக்கிப் பூட்டாதீர்கள், அரைத் திருப்பு விட்டு வையுங்கள். உள்ளே நொதித்துக்கொண்டே இருக்கும், ஆட்டோ ஒரு குழியில் விழுந்தால் கள்ளு கூரையில் இருக்கும். கோயில் வீதிகளிலும் கடற்கரையிலும் வைத்துக் குடிக்கவேண்டாம். பொது இடத்தில் குடிப்பது குற்றம். வாங்கவும் 21 வயது நிரம்பியிருக்கவேண்டும். அது உங்களுக்குப் பிரச்சினை இராது என்று நினைக்கிறேன். கள்ளு ஒத்துக்கொள்ளாவிட்டால் திக்கம் வடிசாலையின் பெயரில் அறியப்பட்ட பனஞ்சாராயத்தைக் கேட்டுப் பாருங்கள். தென்னஞ்சாராயத்தைவிட முரட்டுத்தனம், தேசிக்காயும் சோடாவும் கலந்தால் அடங்கும்.

கடைசியாகக் கிழமையும் திகதியும். ஒவ்வொரு பௌர்ணமியும் இலங்கையில் போயா விடுமுறை. அன்று நாடு முழுவதும் மது விற்பனைக்குத் தடை. தவறணையும் மூடும், உங்கள் விடுதிக் கூரைத்தளமும் எலுமிச்சம்பழச் சாறுதான் தரும். வெள்ளிக்கிழமை பல சைவ வீடுகளில் மச்சம் இல்லை, ஆகவே அன்று மச்சக் கடைகளில் சுறுசுறுப்புக் குறைவு. மரக்கறிக் கடைகளில் அன்றுதான் நல்ல சமையல். நல்லூர்த் திருவிழா ஆடி அமாவாசைக்குப் பிறகு ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் நடக்கும். ஊரே சைவமாகிவிடும், கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்படும், விடுதிகள் நிரம்பி விலை ஏறும். மரக்கறி பிடிக்கும் என்றால் அதைவிடச் சிறந்த காலமில்லை. நண்டும் கோப்பையும் தேடி வருகிறவர் அந்த மாதத்தைத் தவிர்க்கலாம். விடுதி உணவகங்களில் பட்டியல் விலைக்கு மேல் சேவைக் கட்டணம் பத்து வீதமும், 2024 முதல் 18 வீதமான பெறுமதி சேர் வரியும் வரக்கூடும். உத்தரவு கொடுக்குமுன் கேளுங்கள். சோற்றுக் கடைகளில் அந்தத் தொல்லை இல்லை.

நீங்கள் எந்தத் திகதியில் வருகிறீர்கள் என்று எழுதவில்லை. டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் முதலில் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். உங்கள் மூன்று இரவில் ஒன்று பௌர்ணமியாக இருந்தால் கோப்பையும் இல்லை, கடற்கரை ஆட்கள் சொல்வது உண்மையானால் நண்டில் சதையும் இல்லை. திகதியை இங்கே எழுதினால் அந்தப் பருவத்தில் சந்தைக்கு என்ன மீன் வரும், கள்ளு இறங்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.